வெட்டிப் பேச்சும் வேண்டும்!

(இரண்டாம் ஆண்டு, இளங்கலைத் தமிழ்)

‘வெட்டிப் பேச்சுப் பேசாதே, வேலையைப் பார்’ என்று அறிவுரை கூறாத பெற்றோரும் இல்லை, ஆசிரியரும் இல்லை. ‘மௌனம் கலக நாசம்’ என்று பழமொழியும் உண்டு. அவற்றை நான் மறுக்க வரவில்லை. ஆனால், பயனற்றது என்று நாம் ஒதுக்கும் அந்தப் பேச்சில்தான் மனிதனின் மனநலம் பாதி அடங்கியிருக்கிறது என்பது என் துணிபு. பேராசிரியப் பெருமக்கள் சற்றுப் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

2020 மார்ச் 17ஆம் நாள் தமிழ்நாட்டில் பள்ளிகளும் கல்லூரிகளும் மூடப்பட்டன. அப்போது நான் எட்டாம் வகுப்பு மாணவன். இடையில் 2021 பிப்ரவரி 8 முதல் ஆறு வாரம் ஒன்பதாம் வகுப்பு நடந்தது. பிறகு மீண்டும் கதவடைப்பு. முறையாகப் பள்ளிக்குள் நுழைந்தது 2021 செப்டம்பர் 1ஆம் நாள். இன்று என்னோடு வகுப்பில் அமர்ந்திருப்போர் பலரின் கதையும் இதுதான். நோயைத் தடுக்க வேறு வழி இருந்ததா என்பதை அறிந்தவர்கள் ஆராயட்டும். அந்தப் பதினேழு மாதங்கள் நம் நாவை என்ன செய்தன என்பதே என் கேள்வி.

சட்டம் ஒன்றை இங்கே நினைவுகூரத் தோன்றுகிறது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் தனிமைச் சிறைக்கு ஒரு வரம்பு கட்டியிருந்தது. எத்தகைய குற்றவாளியாயினும் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் அவனைத் தனிமைச் சிறையில் வைக்கக் கூடாது; எல்லாம் சேர்த்து மூன்று மாதத்தைத் தாண்டக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்த வரம்பு அப்படியே இருக்கிறது. ஐக்கிய நாடுகள் சபை 2015இல் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகள், நாளொன்றுக்கு 22 மணி நேரமோ அதற்கு மேலோ பொருளுள்ள மனிதத் தொடர்பு இல்லாமல் ஒருவரை அடைத்து வைப்பதே தனிமைச் சிறை என்று இலக்கணம் வகுக்கின்றன. கவனியுங்கள்! அவை சுவர்களை மட்டும் எண்ணவில்லை. மனிதத் தொடர்பை எண்ணுகின்றன.

வீடு சிறையன்று. பெற்றோர் இருந்தார்கள், சோறு இருந்தது. நான் மிகைப்படுத்த விரும்பவில்லை. இருப்பினும் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் பகல் முழுதும் ஒரு கைப்பேசியோடு மூலையில் கிடந்தால், அவனுக்குக் கிடைத்த பொருளுள்ள தொடர்பு எத்தனை நிமிடம்?

என் தாயார் நம் ஊர் செராமிக் பொம்மைக் கூடம் ஒன்றில் வேலை செய்பவர். பிளாஸ்டர் அச்சில் களிமண் கூழை ஊற்றுவதும், காய்ந்த பொம்மையின் பிசிரை நீக்குவதும் அவர் வேலை. பத்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கை ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம் என்று வேலை நடக்கும். யார் வீட்டுக்கு வரன் வந்தது, ரேஷனில் பருப்பு போட்டானா இல்லையா, எந்த மருமகள் கோபித்துக்கொண்டு தாய்வீடு போனாள் – இவைதாம் பேச்சு. ஊரடங்கில் கூடம் மூடியது. கூலி நின்றது பெரிய அடிதான். ஆனால் அம்மா அடிக்கடி சொன்னது வேறு: “வாயெல்லாம் துருப்புடிச்சுப் போச்சுடா தம்பி.” இரவில் அவருக்குத் தூக்கமே வராது. கூடம் மீண்டும் திறந்து, வாரத்தில் மூன்றே நாள் வேலை இருந்தபோதும், அவருக்குத் தூக்கம் வந்துவிட்டது.

களிமண் கூழைக் கிளறாமல் வைத்தால் மண் அடியில் தங்கிவிடும்; மேலே நீர் தெளிந்து நிற்கும். பார்க்க அழகாக இருக்கும். அச்சில் ஊற்ற உதவாது. 2021 செப்டம்பரில் என் வகுப்புத் தோழர்கள் பலரை நான் அப்படித்தான் கண்டேன்.

அவர்களுள் ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேச்சுப் போட்டி என்றால் ஏழாம் வகுப்பு வரை அவனுக்குத்தான் பரிசு. அவன் தந்தை சென்னைக் கோயம்பேடு சந்தையில் மூட்டை தூக்கியவர். 2020 மே மாதத்தில் நம் கடலூர் மாவட்டத்தின் பெயர் நாள்தோறும் செய்திகளில் அடிபட்டது நினைவிருக்கும். மே 5ஆம் நாள் அந்தச் சந்தை மூடப்பட்டது. அங்கிருந்து ஊர் திரும்பிய தொழிலாளர்களோடு தொற்றும் வந்தது. அவன் வீட்டு வாசலில் முள் வெட்டிப் போட்டார்கள். 14 நாள் கடந்தது. தந்தைக்கு நோய் இல்லை என்றும் தெரிந்தது. முள்ளை எடுத்தார்கள்; தெரு மட்டும் பேசவில்லை. குழாயடியில் அவன் தாயார் வந்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகினார்கள். பள்ளி திறந்தபோது அவன் கேள்விக்குத் தலையசைப்பான். அதற்கு மேல் ஒரு சொல் வராது. ஆசிரியர் ஒருவர் அதைத் திமிர் என்றார். பதினோராம் வகுப்பின் பாதியில் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான்.

சொல்லிலேயே பிழை இருந்தது என்று எண்ணுகிறேன். உலகச் சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே, வேண்டியது ‘உடல் இடைவெளி’தான், உறவை அறுப்பது அன்று என்று திருத்திச் சொல்லத் தொடங்கியது. நம் ஊர்ச் சுவர்களிலோ ‘சமூக இடைவெளி’ என்றே எழுதியிருந்தது. ஊர் வேறு, சேரி வேறு என்று வாழ்ந்த நாட்டில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு பொருள் உண்டு. அதைக் கடைப்பிடிக்க நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை!

‘அதெல்லாம் பழங்கதை, இன்று எல்லாரும் கலகலப்பாகத்தானே இருக்கிறார்கள்’ எனலாம். அப்படியா? 2025 ஜூனில் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார். ஆண்டுக்கு 8,71,000க்கும் மேற்பட்ட இறப்புகளை அந்நிறுவனம் தனிமையோடு தொடர்புபடுத்துகிறது. முதியோரின் துயரம் என்றே நாம் நினைத்திருந்த இது, பதின்பருவத்தினரிடமும் மிகுந்து காணப்படுகிறதாம்.

கைப்பேசி இருக்கும்போது தனிமை ஏது என்று கேட்பார்கள். போனில் பேச ஒரு காரணம் வேண்டும். மரத்தடியில் பேசக் காரணம் வேண்டாம். ‘உனக்கு என்ன கவலை?’ என்று நேராகக் கேட்டால் எவனும் சொல்ல மாட்டான். கிரிக்கெட்டையும் சினிமாவையும் ஒரு மணி நேரம் அலசிய பிறகு, எழுந்து போகும் நேரத்தில் தானாக ஒரு சொல் விழும். சென்ற ஆண்டு மாசிமகத்துக்கு ஊர் வந்திருந்த அந்தத் தோழன், மணிமுத்தாற்று மணலில் அப்படித்தான் குழாயடிக் கதையைச் சொன்னான். நான்கு ஆண்டுகள் அவன் நெஞ்சிலேயே கிடந்த கதை அது.

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் மக்கள் பிராது கட்டுவதை நாம் அறிவோம். மனக்குறையைத் தாளில் எழுதி, பெயரும் ஊரும் குறித்துக் கட்டுகிறார்கள். கடவுள் தீர்க்கிறாரா என்ற வாதம் இங்கே வேண்டாம். குறை உள்ளே கிடக்கக் கூடாது, அது வெளியே சொல்லப்பட வேண்டும் என்பதை அவ்வழக்கத்தை ஏற்படுத்தியவர்கள் அறிந்திருந்தார்கள். 2020இல் பல மாதங்கள் கோயில்களும் அடைபட்டிருந்ததால் அந்த வழியும் இல்லாமற் போயிற்று.

நம் கல்லூரிக்கு வருவோம். பெண்ணாடத்திலிருந்தும் வேப்பூரிலிருந்தும் வரும் நண்பர்கள் கடைசி மணி அடித்ததும் பேருந்துக்கு ஓடுகிறார்கள். மூன்றாண்டு ஒரே வகுப்பில் இருந்தும் பின்வரிசைத் தோழனின் ஊர்ப்பெயர் தெரியாதவர்கள் நம்மில் உண்டு. வாய்மொழித் தேர்வில் நடுங்கும் மாணவனைப் படிக்காதவன் என்று முடிவு கட்டிவிடாமல், வகுப்பு முடிந்தபின் எந்தப் பேருந்தில் வருகிறாய் என்றாவது பேராசிரியர்கள் கேட்டுப் பார்க்க வேண்டும். அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416 என்பது 2022 அக்டோபரிலிருந்து இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது; கட்டணம் இல்லை; தமிழிலேயே பேசலாம். என் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன், அறிந்திருந்தவர்கள் இருவரே. துறைதோறும் அறிவிப்புப் பலகையில் அதை எழுதிவைக்க ஒரு சுண்ணக்கட்டி போதும்.

இன்னொன்று, முதல்வர் அவர்களுக்கு ஒரு சிறு விண்ணப்பம். வேப்பமரத்தடியில் நான்கைந்து சிமெண்டுப் பெஞ்சுகள் போட்டுத் தர வேண்டும். அங்கே உட்கார்ந்து நாங்கள் பாடத்தைப் பற்றித்தான் பேசுவோம் என்று வாக்குறுதி அளிக்க இயலாது.