கண்ணாடித் தொட்டியில் கடல் மீன்



கப்பி மீனும் சண்டை மீனும் நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் புதியவை அல்ல. கால்வாயில் பிடித்து, போத்தலில் போட்டு, லயத்து வாசலில் வைத்து வளர்த்த பரம்பரை நாம். 2003-ஆம் ஆண்டில் 'ஃபைண்டிங் நீமோ' என்ற கார்ட்டூன் படம் வந்த பிறகு, பிள்ளைகளின் ஆசை கடல் மீன் பக்கம் திரும்பிவிட்டது. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்தான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறார்கள். பெற்றோரும் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பட்டணத்துக் கடையில் ஒரு சின்னத் தொட்டி, ஒரு பை உப்பு, இரண்டு மீன் என்று வாங்கி வருகிறார்கள். இரண்டு மாதத்தில் மீன் செத்து மிதக்கிறது. "அதற்கு ஆயுசு அவ்வளவுதான்" என்று பிள்ளையைத் தேற்றுகிறோம்.

அந்தப் பேச்சு உண்மையல்ல. நல்ல கவனிப்பில் கோமாளி மீன் பத்து ஆண்டுகளுக்கு மேலும் வாழும். கடைக்கு வரும் கடல் மீன்களில் பெரும்பாலானவை பவளப் பாறைகளில் உயிரோடு பிடிக்கப்பட்டவை. கடலிலிருந்து பிரித்து வந்த உயிரை வாழ வைக்கும் பொறுப்பு நமக்கு உண்டு. வியர்வை சிந்திச் சம்பாதித்த வெள்ளியும் வீணாகக் கூடாது. அதற்கான வழியை இந்த மாதம் பார்ப்போம்.

சின்னச் சட்டி ரசத்தில் கை தவறி ஒரு கரண்டி உப்பு விழுந்தால் வாயில் வைக்க முடியாது. அதே கரண்டி உப்பு கல்யாண வீட்டு அண்டாவில் விழுந்தால் யாருக்கும் தெரியாது. கடல் மீன் வளர்ப்பின் சூட்சுமமும் இதுதான். தண்ணீர் குறைவாக இருந்தால் சின்னப் பிழையும் உயிரைக் குடித்துவிடும்.

முதல் ஆபத்து அமோனியா. பால் வெட்டிய குடும்பங்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ரப்பர் பால் உறையாமல் இருக்க ஊற்றுவோமே, மூக்கைத் துளைக்குமே, அதே சரக்குதான். மீன் தன் செவுள் வழியாக அதை ஓயாமல் வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் அதுவே உண்டாகிறது. கடல் நீர் காரத்தன்மை உடையது. அதில் அமோனியாவின் விஷம் கூடுதலாக வேலை செய்யும்.

இரண்டாவது ஆபத்து உப்பு ஏறுவது. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. உங்கள் தொட்டியில் 40 லிட்டர் தண்ணீர் இருப்பதாகவும், நாளுக்கு ஒரு லிட்டர் ஆவியாவதாகவும் வைத்துக்கொள்வோம். தீபாவளிக்கு ஊருக்குப் போய் நாலு நாள் கழித்து வந்தால், 35 கிராம் ஏறக்குறைய 39 ஆகியிருக்கும். அதே வீட்டில் 76 லிட்டர் தண்ணீர் இருந்திருந்தால் 37-ஐக்கூடத் தாண்டியிருக்காது.

மூன்றாவது ஆபத்து வெயில். துத்தநாகக் கூரை வீட்டில் மதிய வேளையில் சின்னத் தொட்டி சீக்கிரம் சூடேறும். சூடான நீரில் பிராணவாயு குறையும். உப்பு நீரில் அது ஏற்கெனவே நல்ல தண்ணீரைவிடக் குறைவுதான்.

அப்படியானால் பெரிய தொட்டி வாங்க வேண்டுமா? வீட்டில் இடம் வேண்டாமா? வேண்டியது ஒன்றுதான். இருக்கும் தொட்டிக்குக் கீழே, மேசைக்கு அடியில், இன்னொரு தொட்டி வையுங்கள். மேலே நிரம்பும் தண்ணீர் குழாய் வழியாகத் தானே கீழே இறங்கட்டும். கீழேயுள்ள சிறு பம்பு அதை மறுபடியும் மேலே அனுப்பட்டும். இரண்டு தொட்டியிலும் ஓடுவது ஒரே தண்ணீர். பார்வைக்குச் சின்னத் தொட்டி. மீனுக்கோ இரண்டு மடங்குத் தண்ணீர்.

கீழ்த் தொட்டியைக் கண்ணாடித் தடுப்பு வைத்து மூன்று அறையாகப் பிரியுங்கள். செம்பனை ஆலைக் கழிவுநீரை ஒரு குளத்திலிருந்து அடுத்த குளத்துக்கு விட்டுச் சுத்தம் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே கழிவைத் தின்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். இங்கேயும் பெரும் வேலை அவற்றுடையதே.

முதல் அறையில் பஞ்சு அல்லது ஸ்பாஞ்சு வையுங்கள். அது குப்பையைப் பிடிக்கும். பிடித்த குப்பையை அங்கேயே விட்டால் அழுகிவிடும்; ஆகவே வாரம் இரு முறையாவது அலச வேண்டும்.

இரண்டாம் அறையில் பீங்கான் வளையங்கள் அல்லது துளை நிறைந்த கற்களைப் போடுங்கள். அந்தத் துளைகளில் நுண்ணுயிர்கள் குடியேறும். அமோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் அவை மாற்றும். அமோனியா கொடிய விஷம். மூன்றாவது மிகக் குறைந்த விஷம். உயிருள்ள பாறைகளைத் தொட்டியில் வைத்தே கடல் நீரைத் தூய்மையாக வைக்கலாம் என்று 1961-லேயே எழுதிக் காட்டியவர் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங். நம் அண்டை நாட்டில் பிறந்த யோசனைதான் இது! ஆனால் கல்லுக்காகக் கடலில் இறங்கிப் பவளத்தைப் பெயர்க்காதீர்கள். ரெடாங், தியோமான், பாயார் போன்ற தீவுகளைச் சுற்றியுள்ள கடல் பூங்காக்களில் பவளம் எடுப்பது 1985-ஆம் ஆண்டு மீன்பிடிச் சட்டப்படி குற்றம். கடையில் விற்கும் காய்ந்த கல்லே போதும்.

மூன்றாம் அறையில் பம்பு இருக்கட்டும். ஆவியாகும் தண்ணீரின் அளவு இந்த அறையில்தான் தெரியும். வெளிப்புறக் கண்ணாடியில் ஒரு கோடு போட்டு வைத்து, நீர் அதற்குக் கீழே இறங்கினால் நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றினால் உப்பு ஏறிவிடும். இந்த அறை வற்றிப் பம்பு வெறுமனே ஓடினால் பம்பு கருகிவிடும்.

இனி முக்கியமான விஷயம். திடீரென்று கரண்ட் போனால் என்ன ஆகும்? பம்பு நின்றதும் மேல் தொட்டியின் உபரி நீர் கீழே இறங்கும். மேல் தொட்டி 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம் என்றால், நீர்மட்டம் 2 சென்டிமீட்டர் இறங்கினாலும் 3.6 லிட்டர் கீழே வரும். குழாயில் நிற்கும் தண்ணீரும் சேர்ந்து வரும். ஆகவே கீழ்த் தொட்டியை விளிம்புவரை நிரப்பக் கூடாது. 30 சென்டிமீட்டர் உயரத் தொட்டியில் 20 சென்டிமீட்டருக்கு நிறுத்துங்கள். அதுவே 36 லிட்டர் ஆயிற்று.

பம்பிலிருந்து மேலே போகும் குழாயின் வாய் தண்ணீருக்குள் ஆழமாக இருந்தால், பம்பு நின்றதும் அதே குழாய் தண்ணீரை உறிஞ்சிக் கீழே இறக்கும். மேல் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே அந்தக் குழாயில் ஒரு சிறு துளை போடுங்கள். மட்டம் இறங்கியதும் துளையில் காற்றுப் புகுந்து உறிஞ்சுவது நின்றுவிடும். துளையில் பாசி அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் இறங்கும் குழாய், ஏறும் குழாயைவிடப் பெரியதாக இருக்கட்டும். அதற்கான ஓட்டையைக் கண்ணாடிக் கடைக்காரரிடமே போடச் சொல்லுங்கள். டெம்பர்ட் கண்ணாடி என்றால் ஓட்டை போட முடியாது, நொறுங்கிவிடும். உப்பு கரைப்பதற்கு முன், வெறும் தண்ணீரில் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். நாலைந்து முறை பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். தரையில் ஒரு சொட்டும் விழக் கூடாது.

உப்பு நீரில் மின்சாரம் வெகு சுலபமாகப் பாயும். தொட்டியில் கை வைக்கும் முன் எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள். ஒயரைப் பிளக்குக்குக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினால், வழியும் நீர் பிளக்குக்குள் போகாமல் வளைவிலிருந்து சொட்டிவிடும். கசிவு ஏற்பட்டால் தானே விழும் ட்ரிப் சுவிட்ச் இல்லாத பழைய வீடாக இருந்தால், முதலில் மின்சாரக்காரரை வைத்து அதைப் போடுங்கள். பிறகு மீன் வாங்கலாம்.

சமையல் உப்பு உதவாது. கடல் மீனுக்குக் கால்சியம், மக்னீசியம் எல்லாம் வேண்டும். அதற்கென்று விற்கும் உப்பையே வாங்குங்கள். ரப்பர் பாலை மெட்ரோலாக் போட்டு அளப்பது நினைவிருக்கிறதா? அதே மாதிரி மிதக்கும் ஹைட்ரோமீட்டர் கடையில் கிடைக்கும். அதில் 1.025 அளவில் நிற்கட்டும். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரினுக்கு மருந்து ஊற்றிய பிறகே பயன்படுத்துங்கள். சிங்கப்பூர் வாசகர்களே, உங்கள் குழாய் நீரில் இருப்பது குளோரமின்; இரவெல்லாம் திறந்து வைத்தாலும் அது போகாது. குளோரமினுக்கும் உதவும் மருந்தாகக் கேட்டு வாங்குங்கள்.

எல்லாம் தயாரானதும் உடனே மீனை விடாதீர்கள். நுண்ணுயிர்கள் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். சிட்டிகை தீனி மட்டும் போட்டுக் காத்திருங்கள். அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று சோதனை மருந்து காட்டிய பிறகு இரண்டு மீன் விடலாம். பண்ணையில் பொரித்த கோமாளி மீனாகக் கேளுங்கள். கடலிலிருந்து பிடித்ததாக இருக்காது. அதன் பிறகு வாரம் 8 லிட்டர் தண்ணீர் மாற்றுங்கள். மாற்றி எடுத்த பழைய தண்ணீரில் ஸ்பாஞ்சை அலசுங்கள். குழாயடியில் அலசினால் குளோரின் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும்.

"தண்ணீர் இரண்டு மடங்கு ஆயிற்றே, மீனையும் இரண்டு மடங்காக்கினால் என்ன?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். சம்மதிக்காதீர்கள். கூடுதல் தண்ணீர் ஆபத்துக்காலச் சேமிப்பு. தபால் நிலையப் புத்தகத்தில் போட்டு வைத்த பணம் மாதிரி அது இருக்கட்டும். தீனி கூடிப்போன நாளிலும், கரண்ட் போன இரவிலும், நீங்கள் ஊரில் இல்லாத வாரத்திலும் அதுதான் மீனைக் காப்பாற்றும்.

இவ்வளவுக்கும் இப்போது வசதியில்லை என்றால் மனம் தளர வேண்டாம். கடல் மீனுக்குப் பணம் சேரும் வரை நல்ல தண்ணீரில் கப்பி வளருங்கள். காசு சேர்ந்ததும் முதல் வெள்ளியைக் கீழ்த் தொட்டிக்குச் செலவிடுங்கள். மீனைக் கடைசியாக வாங்குங்கள். மீன் செத்தால் பிள்ளைக்கு அழுகைதான் மிச்சம். அது பத்து ஆண்டு வாழ்ந்தால், ஓர் உயிரை வளர்ப்பதற்கு எவ்வளவு முன்யோசனை வேண்டும் என்பதை அந்தப் பிள்ளை கண்ணாலேயே பார்த்துக் கற்றுக்கொள்ளும்.