முதல்ல மாஸ்க்... சிலிண்டர் வேண்டவே வேண்டாம்! ஸ்கூபா பழகுபவர்கள் கவனத்துக்கு

பாம்பனை அடுத்த சின்னப்பாலத்துப் பெண்கள் பாசி எடுக்கக் கடலில் இறங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை. கண்ணுக்கு ஒரு கண்ணாடி. பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணிச் சுற்று, காலில் ரப்பர் செருப்பு, பாசி போட ஒரு பை. மொத்தக் கருவிகளும் இவ்வளவுதான். மூச்சை அடக்கி மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசியைக் கை நிறைய பறித்துக்கொண்டு மேலே வருவார்கள். அந்த ஊரைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி, 2015-ம் ஆண்டு அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பின் விருதைப் பெற்றபோதுதான் வெளியூர்க்காரர்கள் பலருக்கும் இப்படி ஒரு தொழில் இருப்பதே தெரிந்தது. இதே கடலில் மூழ்கிய ஆண்கள், துடுப்புக்குப் பதிலாகக் காலில் அலுமினியத் தகடு கட்டிக்கொண்டு நீந்தியிருக்கிறார்கள்.

அவர்களிடம் இருந்தது கொஞ்சம்தான். ஆனால், எதற்கு எது என்று தெரிந்து வைத்திருந்தார்கள்.

இன்று ஸ்கூபா கற்றுக்கொண்டு வருபவர்களின் நிலை நேர் எதிர். மூன்று, நான்கு நாள் பயிற்சி முடிந்து சான்றிதழ் கைக்கு வந்ததுமே போனை எடுத்து ஷாப்பிங் தளத்தில் 'ஸ்கூபா செட்' என்று தேடுகிறார்கள். பளபளக்கும் கத்தி, குட்டி சிலிண்டர், முகம் முழுக்க மூடும் மாஸ்க் என வரிசையாக வந்து விழுகின்றன. சம்பளத்தின் பெரும்பகுதியைக் கொடுத்து வாங்கிய பிறகுதான், பாதி உபயோகமில்லை, மீதியில் சில ஆபத்து என்பது புரிகிறது.

முதல் விதி எளிது. முகத்திலும் காலிலும் பொருந்த வேண்டியதை முதலில் வாங்குங்கள். மற்றதை வாடகைக்கு எடுங்கள்.

மூக்கையும் மூடணும்!

நீச்சல்குளத்துக் கண்ணாடியையே போட்டுக்கொண்டு போனால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அதாவது, 10 மீட்டரில் உங்கள் மேல் இருக்கும் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு. கண்ணாடிக்குள் சிக்கிய காற்று சுருங்கும்போது, அது கண்ணையும் சுற்றியுள்ள தோலையும் உள்ளே இழுக்கும். கண் ரத்தச் சிவப்பாகிவிடும். டைவிங் மாஸ்க் மூக்கையும் சேர்த்து மூடுவதற்குக் காரணம் இதுதான். மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்றை மாஸ்க்குக்குள் விட்டால் அழுத்தம் சமமாகிவிடும்.

மாஸ்க்கை நேரில் போய்ப் பார்த்து வாங்குவதே நல்லது. பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக உள்ளிழுத்து, கையை எடுத்துவிட்டுக் குனியுங்கள். விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் அது உங்கள் மாஸ்க். விழுந்தால் விலை எவ்வளவாக இருந்தாலும் வைத்துவிடுங்கள். பட்டையை இறுக்கினால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். இறுக்க இறுக்க விளிம்பு மடங்கி, தண்ணீர் இன்னும் அதிகமாகத்தான் வரும். கண்ணாடியின் மேல் 'டெம்பர்டு' என்று அச்சிட்டிருக்கிறதா, ஓரம் மென்மையான சிலிகானா என்பதையும் பாருங்கள்.

நம் ஊர் ஆண்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. மீசை! அடர்ந்த மீசைக்கும் சிலிகானுக்கும் ஒத்துப்போகாது. இடைவெளியில் தண்ணீர் கசியும். மீசையை எடுக்க மனம் வராதவர்கள், மூக்குக்குக் கீழே ஒரு மெல்லிய கோடு மட்டும் மழித்துவிட்டால் பெரும்பாலும் சமாளிக்கலாம். பெண்கள் மூக்குத்தி அணிபவராக இருந்தால், மூக்குத்தியோடே மாஸ்க்கைப் போட்டுப் பார்த்து வாங்க வேண்டும். நெற்றியில் விழும் ஒற்றை முடிகூட விளிம்புக்குள் சிக்கினால் கசிவுதான். ரப்பர் பட்டை முடியைப் பிடித்து இழுக்கும் என்பதால், பட்டைக்கு மேல் போடும் துணி உறையையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். பவர் கண்ணாடி போடுபவர்கள் அதன் மேல் மாஸ்க் போட முடியாது. காதுக் கம்பி இடைவெளி உண்டாக்கிவிடும். பவர் லென்ஸ் பொருத்திய மாஸ்க்குகள் கிடைக்கின்றன.

புது மாஸ்க் தண்ணீருக்குள் பனி மூட்டம்போல மங்கும். தொழிற்சாலையில் படிந்த மெல்லிய படலம் காரணம். ஜெல் இல்லாத சாதாரண வெள்ளை டூத் பேஸ்ட்டைக் கண்ணாடியின் உட்புறம் விரலால் தேய்த்துக் கழுவுங்கள். இரண்டு, மூன்று முறை செய்தால் போய்விடும். (விசேஷப் பூச்சு கொண்ட மாஸ்க் என்றால், பெட்டியில் இருக்கும் குறிப்பைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்.)

ஆன்லைனில் அதிகம் கண்ணில் படும், முகம் முழுக்க மூடி மேலே குழாய் வைத்த மாஸ்க்குகள் மேற்பரப்பில் மிதந்து பார்ப்பதற்காக வந்தவை. மூக்கைப் பிடித்துக் காது அடைப்பை நீக்க அதில் வழி இல்லை. ஸ்கூபாவுக்கு அது வேண்டாம்.

தென்கடலா, வடகடலா?

எந்தக் கடலில் மூழ்கப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தே மற்றப் பொருள்கள். ராமேஸ்வரம் தீவுக்குத் தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் நீரிணை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வாடைக்காற்றில் வடகடல். பாக் நீரிணை பெரும்பாலான இடங்களில் 13 மீட்டருக்குள்தான். மன்னார் வளைகுடாவில் தீவுகளை ஒட்டிய பவளப்பாறைகளும் பெரும்பாலும் சில மீட்டர் ஆழத்திலேயே இருக்கின்றன. அந்தமான்போலக் கண்ணாடித் தண்ணீரை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றமே; கலங்கல் அதிகம்.

அதனால், 100 மீட்டர் ஆழம் தாங்கும் டார்ச், குளிர்நாட்டுக் கனமான உடை எல்லாம் இங்கே தேவையில்லை. மெல்லிய 3 மில்லிமீட்டர் வெட்சூட் தாராளம். ஆனால் முழுக்கை, முழுக்கால் மூடுவதாக வாங்குங்கள். குளிருக்காக அல்ல, சொறி மீனுக்காக. அது உரசிய இடத்தில் வரும் எரிச்சலை அனுபவித்தவர்களுக்கே தெரியும். சின்னப்பாலத்துப் பெண்களின் முழுக்கைச் சட்டைக்கு இப்போது அர்த்தம் புரிகிறதா?

துடுப்புகளில் இரண்டு வகை. வெறும் காலில் செருப்புபோல மாட்டுவது ஒன்று. ரப்பர் காலணி போட்டு, அதன் மேல் பட்டையால் மாட்டுவது இன்னொன்று. பாறையும் முள்ளெலியும் நிறைந்த கரையிலிருந்து நடந்து இறங்க வேண்டிய இடங்களில் இரண்டாவதுதான் சரி. நீளமான துடுப்பு வேகம் தரும் என்று வாங்கிவிட்டு, ஆழம் குறைந்த இடத்தில் பவளத்தை உடைப்பவர்கள் ஏராளம். ஒரு உதை போதும், பல வருடம் வளர்ந்த கிளை போய்விடும்.

இந்தக் கடற்கரைக்கென்றே கட்டாயம் வாங்க வேண்டியவை இரண்டு. அவை எந்த 'ஸ்கூபா செட்'டிலும் இருக்காது. ஒன்று, நீருக்குள்ளிருந்து காற்று நிரப்பி மேலே அனுப்பும் ஆரஞ்சு நிற மிதவை. விசைப்படகும் நாட்டுப்படகும் போய்வரும் கடல் இது. கீழே ஆள் இருப்பது படகோட்டிக்குத் தெரிய வேறு வழி கிடையாது. அதோடு ஒரு விசிலும் இருக்கட்டும். இரண்டாவது, நரம்பு வெட்டும் சின்னக் கட்டர். அறுந்து மிதக்கும் தங்கூசி வலை தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது. சினிமா ஹீரோபோலத் தொடையில் கட்டும் பெரிய கத்தியைவிட, விரலால் பிடிக்கும் கட்டர்தான் அங்கே கைகொடுக்கும். இரண்டும் சேர்ந்தாலும் நல்ல மாஸ்க்கின் விலையைத் தாண்டாது.

மேலே வரும்போதுதான் ஆபத்து

ஆழம் குறைவுதானே என்று அலட்சியம் கூடாது. அழுத்தம் வேகமாக மாறுவதே முதல் 10 மீட்டரில்தான். சிலிண்டர் காற்றைச் சுவாசித்தவர் மூச்சை அடக்கியபடி மேலே வந்தால், நுரையீரலுக்குள் இருக்கும் காற்று விரிந்து திசுவைக் கிழித்துவிடலாம். சில மீட்டர் ஆழமே அதற்குப் போதும். பாசி எடுப்பவர்கள் மேலே இழுத்த மூச்சோடு போய் அதே மூச்சோடு வருவதால் அவர்களுக்கு இந்தப் பிரச்னை இல்லை. இந்த வித்தியாசம் புரியாமல், 'எனக்கு நல்லா நீச்சல் தெரியும்' என்று இறங்குபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

எனவே, மாஸ்க்கும் துடுப்பும் வாங்கியபின் அடுத்த பணத்தை டைவ் கம்ப்யூட்டருக்குச் சேர்த்து வையுங்கள். கைக்கடிகாரம்போல இருக்கும் இது, ஆழம், நேரம், மேலே வரும் வேகம் மூன்றையும் காட்டும். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் போகாமல் ஏறுங்கள், 5 மீட்டரில் 3 நிமிடம் நில்லுங்கள் என்பது பொதுவான விதி. வேகம் கூடினால் சத்தம் போட்டு எச்சரிக்கும். இருவருக்கு ஒன்று என்று பகிர முடியாது. ஒவ்வொருவர் போன ஆழமும் வேறு. சாதாரண ஸ்மார்ட் வாட்ச்சில் '50 மீட்டர் வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று போட்டிருப்பதை நம்பி இறங்க வேண்டாம். அது தண்ணீர் புகாது என்பதற்கான குறியீடு. உங்கள் உடம்பில் சேரும் நைட்ரஜனை அது கணக்குப் பார்ப்பதில்லை.

செகண்ட் ஹேண்ட் ரெகுலேட்டர்

சிலிண்டரிலிருந்து வரும் உயர் அழுத்தக் காற்றைச் சுவாசிக்கும் அளவுக்குக் குறைத்துத் தருவது ரெகுலேட்டர். பட்டியலிலேயே விலை கூடிய பொருள்களில் ஒன்று. அதனால்தான் பழையதைத் தேடுகிறார்கள். வெளியே துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பார்கள். உள்ளே உப்புப் படிந்திருக்கும். கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தது என்ற ரசீது இல்லாமல் வாங்கவே கூடாது. புதிதானாலும், அந்த பிராண்டுக்கு சர்வீஸ் எங்கே, உதிரி பாகம் இந்தியாவில் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். வருடம் ஒருமுறை வெளிநாட்டுக்கு கூரியர் அனுப்பும் நிலை வந்தால், மலிவாக வாங்கியது மலிவே அல்ல. வருடத்தில் இரண்டு, மூன்று முறைதான் மூழ்குவீர்கள் என்றால் வாடகையே உத்தமம். மிதப்பைக் கட்டுப்படுத்தும் ஜாக்கெட்டுக்கும் இதே கதைதான்.

சிலிண்டர் வாங்கும் ஆசையை மட்டும் அடியோடு விட்டுவிடுங்கள். பரவலாகப் பயன்படும் அலுமினிய சிலிண்டர் 11 லிட்டர் கொள்ளளவு கொண்டது; காலியாகவே சுமார் 14 கிலோ. அதில் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைக்கப்படுகிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். இந்தியாவில் இதற்கு 2016-ம் ஆண்டின் கேஸ் சிலிண்டர் விதிகள் இருக்கின்றன. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ அமைப்பின் அங்கீகாரம் வேண்டும். இதையெல்லாம் முடித்தாலும் காற்றை எங்கே நிரப்புவீர்கள்?

இங்கேதான் விபரீதம். பஞ்சர் கடை கம்ப்ரசரால் 200 பாரை எட்டவே முடியாது என்பது ஒருபுறம். அதன் காற்றைக் குழாய் வழியாக நேராகச் சுவாசிக்கலாமே என்ற குறுக்கு யோசனை இன்னொரு புறம். சங்கு குளிப்பவர்களில் சிலர் அப்படிக் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்குவது இந்தக் கடற்கரைக்குப் புதிதல்ல. பிழைப்புக்காக அவர்கள் எடுக்கும் அந்த ஆபத்தை, பொழுதுபோக்குக்காக யாரும் எடுக்க வேண்டியதில்லை. எண்ணெய்ப் புகையும், இன்ஜின் கக்கும் கார்பன் மோனாக்சைடும் அந்தக் காற்றில் கலக்கலாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலைவலியை உணர்வதற்குள் மயக்கம் வந்துவிடலாம். வாடகை சிலிண்டரில்கூட முதல் மூச்சில் எண்ணெய் நாற்றம் வந்தால், கூச்சப்படாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பையில் என்ன இருக்கு?

வலைப்பை வாங்கலாம், துடுப்பும் மாஸ்க்கும் போட்டு எடுத்துவர வசதி. ஆனால், அதில் கடலிலிருந்து எதையும் போட்டு வராதீர்கள். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைய முடியாது. பவளம், கடல் குதிரை, கடல் அட்டை எல்லாமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. 'செத்த பவளம்தானே' என்று ஷோகேஸுக்கு ஒரு துண்டு எடுத்து வந்தாலும் வழக்குதான். அழைத்துப்போகும் நிறுவனத்திடம் எந்த இடத்துக்குப் போகிறோம், அனுமதி இருக்கிறதா என்று கேட்பது உங்கள் உரிமை.

கரைக்கு வந்ததும் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து அலச வேண்டும். ராமேஸ்வரத்தில் சில விடுதிகளின் குழாயில் வருவதே உப்புத் தண்ணீர் என்பதால், வாயில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டுக் கழுவுங்கள். வெயிலில் காயப்போட்டால் சிலிகானும் ரப்பரும் சீக்கிரம் கெட்டுவிடும். நிழல்தான் சரி.

கடைசியாக, டிக்கெட் விஷயம். ராமேஸ்வரத்தில் காலையில் டைவ், மாலையில் மதுரை விமானம் என்று திட்டம் போடாதீர்கள். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், அதற்கு மேல் என்றால் 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும். விமானத்தை மட்டும் நினைத்துக்கொண்டு பலர் மறந்துவிடும் இன்னொன்று மலை. ராமேஸ்வரம் முடித்துவிட்டு அப்படியே கொடைக்கானல் போவது நம் குடும்பச் சுற்றுலாக்களில் சகஜம். கொடைக்கானல் இருப்பது 2,000 மீட்டருக்கு மேல். உடம்புக்கு அதுவும் ஏறக்குறைய விமானப் பயணம் மாதிரிதான். கொடைக்கானலை முதலில் முடித்துக்கொண்டு கடலுக்கு வாருங்கள். இல்லையென்றால் டைவ் முடிந்த இரவு ராமேஸ்வரத்திலேயே தங்கி, மறுநாள் கோயில், தனுஷ்கோடி என்று சுற்றிவிட்டுக் கிளம்புங்கள்.