மணமில்லாத வாயு: ஸ்விட்சைத் தொடாதீர்கள்!

உங்கள் மோட்டார் கொட்டகையை ஒருமுறை எட்டிப் பாருங்கள். சுவரில் ஆட்டோ ஸ்டார்ட்டர் இருக்கும். கீழே நாலைந்து உர மூட்டைகள் கிடக்கும். மூலையில், பறித்த மல்லிகை மறுநாள் சந்தைக்குப் போகும்வரை வாடாமல் இருக்கட்டும் என்று வாங்கிப் போட்ட குளிர்பெட்டி இருக்கும். வீட்டில் இடம் இல்லை, இங்கே மின் இணைப்பும் இருக்கிறது என்பதால் கொட்டகைக்கு வந்த பெட்டி அது. நள்ளிரவில் மும்முனை மின்சாரம் வந்ததும் ஸ்டார்ட்டர் தானாக 'டக்' என்று விழும். அப்போது அதற்குள் ஒரு பொறி தெறிக்கும். இதுவரை அந்தப் பொறியால் ஒன்றும் ஆனதில்லை. ஆனால் அன்று குளிர்பெட்டியின் குழாயில் கசிவு இருந்தால் என்ன ஆகும்? இந்தக் கேள்வியை நம்மில் பெரும்பாலோர் இன்னும் கேட்டுக்கொள்ளவே இல்லை.

பழைய ஃபிரிட்ஜ்களில் இருந்த வாயு தீப்பிடிக்காது. ஆனால் அது ஓசோன் படலத்தைக் கெடுத்தது, அல்லது பூமியைச் சூடாக்கியது. ஆர்-22 என்ற வாயு ஒரு கிலோ காற்றில் கலந்தால், கரியமில வாயு 1,800 கிலோ கலந்ததற்குச் சமமான வெப்பத்தைக் கூட்டும். அதனால்தான் 1987-இல் மான்ட்ரியலில் உருவான உடன்பாட்டின்படி உலக நாடுகள் இவற்றைப் படிப்படியாகக் கைவிட்டு வருகின்றன. அந்த உடன்பாட்டில் பின்னர் சேர்ந்த கிகாலி திருத்தத்தை இந்தியாவும் 2021-இல் ஏற்றுக்கொண்டது. இன்று வீட்டு ஃபிரிட்ஜ்களில் ஆர்-600ஏ என்ற ஐசோபியூட்டேன் வருகிறது. கடை ஃப்ரீசர்களில் ஆர்-290 என்ற புரொப்பேன் வருகிறது. ஏ.சி.களில் ஆர்-32 வருகிறது. கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி வைக்கும் பெட்டிகள் பலவற்றிலும் இவை உண்டு. மின்சாரம் மிச்சமாகிறது, சூழலுக்கும் நல்லது. இந்த மாற்றத்தை நாம் வரவேற்கவே வேண்டும்.

ஆனால் புரொப்பேனும் பியூட்டேனும் நம் அடுப்பங்கரை சிலிண்டரில் இருக்கும் அதே சரக்குதான். ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. சிலிண்டர் வாயுவில், கசிந்தால் தெரியட்டும் என்று துர்நாற்றம் தரும் பொருளைக் கலக்கிறார்கள். ஃபிரிட்ஜ் வாயுவில் அதைக் கலப்பதில்லை. சிலிண்டர் கசிந்தால் மூக்கு சொல்லும். ஃபிரிட்ஜ் கசிந்தால் மூக்கு சொல்லாது. இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் இந்தப் பெட்டிகளோடு நாம் குடித்தனம் நடத்துவதுதான் ஆபத்து.

கொஞ்சம்தானே என்று இருக்கலாமா?

சமையல் சிலிண்டரில் 14.2 கிலோ வாயு இருக்கிறது. வீட்டு ஃபிரிட்ஜில் பெரும்பாலும் 100 கிராம்கூட இருக்காது. கடை ஃப்ரீசரில் 150 கிராம் என்பது நெடுங்காலம் சர்வதேச வரம்பாக இருந்தது. 2019-இல் அதை ஏறக்குறைய 500 கிராம் வரை உயர்த்தினார்கள். இது சின்ன அளவுதான். ஆனால் வாயு எங்கே தேங்குகிறது என்பதைப் பொறுத்தது விஷயம்.

புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். ஐசோபியூட்டேன் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது, தண்ணீரைப் போலத் தரையில் படரும். காற்றில் 100-க்கு 2 பங்கு சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். பத்தடிக்குப் பத்தடி அறையில் 150 கிராம் புரொப்பேன் முழுக்கப் பரவிக் கலந்துவிட்டால் ஆபத்தில்லை. அதே 150 கிராம் தரையோடு ஓரடி உயரத்துக்குள் தேங்கினால், தீப்பிடிக்கும் அளவை அந்தக் காற்று தாண்டிவிடும். ஃபிரிட்ஜுக்குள்ளேயே கசிந்தால் இன்னும் மோசம். 200 லிட்டர் பெட்டிக்குள் 10 கிராம் கசிந்தாலே போதும்.

எங்கே கசிகிறது?

முதல் குற்றவாளி கத்தி. ஃப்ரீசரில் உறைந்த பனியைக் கத்தியாலோ ஸ்குரூடிரைவராலோ குத்திப் பெயர்க்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அந்தப் பனிக்கு அடியில் இருக்கும் மெல்லிய அலுமினியத் தகட்டுக்குள்தான் வாயு ஓடுகிறது. குத்தியதும் 'உஸ்' என்று சத்தம் வந்தால் தகடு ஓட்டையாகிவிட்டது என்று பொருள். பனி கட்டினால் பிளக்கை எடுத்துவிட்டு, கதவைத் திறந்து வைத்துத் தானாகக் கரைய விடுங்கள்.

இரண்டாவது, எலி கடித்ததும் துருப்பிடித்ததும். கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருந்தும் குளிர் ஏறவில்லை, குழாய் இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிகிறது என்றால் கசிவு இருக்கலாம்.

மூன்றாவது, அரைகுறை பழுது. ஆர்-290, ஆர்-600ஏ பெட்டியில் வாயுவை முழுவதும் வெளியேற்றாமல் குழாயில் தீயை வைத்துப் பற்ற வைப்பது வெடிகுண்டைப் பற்ற வைப்பதற்குச் சமம். இந்த வேலையைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். குழாயைக் கட்டரால் வெட்ட வேண்டும், நெருப்பால் அல்ல. அதைவிடக் கொடியது, பழைய பெட்டியில் சமையல் எரிவாயுவை ஏற்றிக்கொள்வது. "பாதிச் செலவில் முடித்துத் தருகிறேன்" என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். அந்தப் பெட்டியின் மின் பாகங்கள் தீப்பிடிக்கும் வாயுவுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. வெளியே எச்சரிக்கை ஒட்டியும் இருக்காது. அடுத்து அதைத் திறக்கும் மெக்கானிக்குக்கு உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது. காயலான் கடைக்குப் பெட்டியைப் போடும்போதும் உள்ளே என்ன வாயு என்று சொல்லிவிட்டுப் போடுங்கள்.

கசிந்தால் என்ன செய்வது?

'உஸ்' சத்தம் கேட்டாலோ, குழாய் உடைந்ததைக் கண்டாலோ முதல் விதி இதுதான்: ஸ்விட்சைத் தொடாதீர்கள். போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. பிளக்கையும் பிடுங்கக் கூடாது. விளக்கைப் போட்டுப் பார்ப்பதும், காற்று போகட்டும் என்று ஃபேனைச் சுழல விடுவதும் பலர் கை தானாகச் செய்துவிடும் தவறுகள். பீடி, தீப்பெட்டி, சாமி விளக்கு எதுவும் அங்கே வேண்டாம். செல்போனை வெளியே போய் எடுங்கள்.

ஃபிரிட்ஜ் கதவு திறந்திருந்தால் அப்படியே விடுங்கள். போகிற வழியில் வாசல், ஜன்னல்களைத் திறந்து விட்டபடி எல்லோரையும் வெளியே கூட்டிப் போங்கள். குழந்தைகளும் முதியவர்களும் முதலில் போகட்டும். மெயின் ஸ்விட்ச் கட்டடத்துக்கு வெளியே இருந்தால் அதை அணைக்கலாம். அதே அறைக்குள் இருந்தால் தொடவே தொடாதீர்கள். மின்வாரிய லைன்மேனை அழைத்து வெளியிலிருந்து இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள். மோட்டார் கொட்டகை என்றால் இது இன்னும் முக்கியம். நீங்கள் தொடாவிட்டாலும் மின்சாரம் வந்ததும் ஆட்டோ ஸ்டார்ட்டர் தானாக விழும்.

வெளியே வந்ததும் காற்று வரும் திசையில், மேடான இடத்தில் நில்லுங்கள். பள்ளம், சாக்கடை, கிணற்றடி வேண்டாம். கனமான வாயு அங்கேதான் இறங்கும். தீயணைப்புத் துறைக்கு 101, அல்லது 112. எந்த ஊர், எந்த வழி, என்ன வாயு, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்ற நான்கையும் சொல்லுங்கள். யாராவது உள்ளே மயங்கிக் கிடந்தாலும் மூச்சுக் கருவி இல்லாமல் பாய்ந்து உள்ளே போகாதீர்கள். கிணற்றில் இறங்கியவரைக் காப்பாற்ற இறங்கி அடுத்தவரும் சாகும் கதை நமக்குப் புதிதல்ல.

தீப்பிடித்துவிட்டால்?

வாயு எரிந்துகொண்டிருந்தால், கசிவை நிறுத்த வழியில்லாமல் சுடரை மட்டும் அணைக்கக் கூடாது. சுடர் போனதும் வாயு மறுபடி சேரும். அடுத்த பொறியில் வெடிக்கும். சின்னப் பெட்டியில் இருக்கும் வாயு சீக்கிரமே எரிந்து தீர்ந்துவிடும். அதுவரை தள்ளி நின்று, பக்கத்தில் இருப்பவை பற்றாமல் பார்த்துக்கொள்வதே புத்திசாலித்தனம். ஆரம்பத் தீ சின்னதாக இருந்து, வெளியேறும் வழி உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் மட்டும் உலர் பொடி தீயணைப்பானைப் பயன்படுத்தலாம். மின்சாரம் துண்டிக்கப்படாத இடத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

குளிர் அறைச் சுவர்களுக்குள் இருக்கும் நுரைத் தகடு பற்றிவிட்டால் பெட்டியை மறந்துவிடுங்கள். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடும் சயனைடு வாயுவும் இருக்கும். ஆர்-32 எரிந்தால் நுரையீரலை அரிக்கும் அமில வாயு வரும். சரக்கு போனால் அடுத்த பட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

தீக்காயத்தின் மேல் இருபது நிமிடம் சாதாரணத் தண்ணீரை ஓட விடுங்கள். இட்லி மாவு, மை, பற்பசை எதையும் தடவாதீர்கள். கசிந்த வாயு திரவமாகப் பட்டால் தோல் உறைந்து வெளுத்துவிடும். அதைத் தேய்க்காமல் வெதுவெதுப்பான தண்ணீரில் நனையுங்கள். பிறகு 108.

பெரிய குளிர்பதனக் கிடங்குகளின் கதை வேறு. ஐஸ் ஆலைகளிலும், உருளை, மிளகாய் வைக்கும் பெரிய கிடங்குகளிலும் பெரும்பாலும் அமோனியா இருக்கும். அது எளிதில் பற்றாது, ஆனால் கொடிய நச்சு. காரமான நெடி முன்கூட்டியே எச்சரிக்கும். அங்கே ஈரத் துணியால் மூக்கை மூடிக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகி ஓட வேண்டும். உங்கள் விளைபொருளை வைத்திருக்கும் இடத்தில் எந்த வாயு என்று இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்றே செய்ய வேண்டியவை

உங்கள் பெட்டியின் பின்புறம் பாருங்கள். மஞ்சள் முக்கோணத்துக்குள் தீச்சுடர் படம் இருந்தால், அல்லது ஆர்-290, ஆர்-600ஏ என்று எழுதியிருந்தால் அது பற்றும் வாயு. அந்தப் பெட்டியை மோட்டார் கொட்டகையில் வைக்காதீர்கள். அடுப்பங்கரையில் வைப்பதானால் அடுப்பிலிருந்து தள்ளி, காற்றோட்டம் இருக்கும் இடத்தில் வையுங்கள். ஸ்டெபிலைசரைத் தரையில் போடாமல் சுவரில் உயரமாக மாட்டுங்கள். அதற்குள்ளும் பொறி தெறிக்கும். மெக்கானிக்கிடம், இந்த வாயுவைக் கையாளப் பயிற்சி எடுத்தவரா என்று தயங்காமல் கேளுங்கள். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ஓசோன் பிரிவு வழியாக மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி தரப்பட்டு வருகிறது.

இதில் விவசாயியின் கையில் மட்டும் எல்லாம் இல்லை. மானியத்தில் குளிர் அறை தரும்போது பயனாளிக்குச் சொல்லப்படுவது விலையும் கொள்ளளவும்தான். கசிந்தால் என்ன செய்வது என்பதைத் தமிழில் ஒரு பக்கமாக அச்சிட்டு அறைக் கதவில் ஒட்டித் தருவதை மானியத்தின் நிபந்தனையாகவே ஆக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு சில ரூபாய்தான். வேளாண் அலுவலர்களும் கால்நடை மருத்துவர்களும் தங்கள் பயிற்சிக் கூட்டங்களில் பத்து நிமிடத்தை இதற்கு ஒதுக்கலாம். உள்ளூர் தீயணைப்பு நிலையத்தை அழைத்தால் செய்முறை விளக்கம் காட்ட வருவார்கள். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் பால் கூட்டுறவுச் சங்கங்களும் தங்கள் குளிர் அறைகளிலிருந்தே இதைத் தொடங்கலாம்.

சமையல் சிலிண்டர் கிராமத்துக்கு வந்தபோதும் பயந்தோம். நாற்றம் வந்தால் ஸ்விட்சைத் தொடாதே என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டோம். இன்று சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். இந்தப் புது வாயுவுக்கும் அதே பாடம்தான். நாற்றம் வரட்டும் என்று மட்டும் காத்திருக்கக் கூடாது. இன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் ஃபிரிட்ஜின் பின்புறத்தைப் பாருங்கள். பார்த்ததை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.