காற்றைத் தள்ளவே கரையும் டீசல்: லாரி பாடி கட்டும்போதே யோசிக்கலாமே!

டீசல் விலை ஏறினால் லாரி உரிமையாளர்கள் கொதிக்கிறார்கள். நியாயமான கோபம்தான். ஆனால், நெடுஞ்சாலையில் அந்த டீசலில் கணிசமான பங்கு காற்றைத் தள்ளவே செலவாகிறது என்பதைப் பற்றி அதிகம் பேச்சில்லை.

வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். 60 கி.மீ. வேகத்தில் போகும் லாரியை 80 கி.மீ.க்கு விரட்டினால், எதிர்ப்பு சுமார் 78% கூடிவிடும்.

வடிவமும் முக்கியம். கேபினைவிட உயரமாக நிற்கும் பெட்டியில், காற்று சுவரில் முட்டுவதுபோல முட்டுகிறது. சதுரமாக முடியும் பின்பக்கத்தில் காற்றழுத்தம் குறைவதால், யாரோ கயிறு கட்டிப் பின்னால் இழுப்பதுபோல ஆகிறது.

1970-களில் அமெரிக்காவின் நாசா பொறியாளர்கள் ஒரு வேனைச் சுற்றித் தகடு அடித்து, செருப்புப் பெட்டி வடிவத்துக்கு மாற்றி ஓட்டிப் பார்த்தார்கள். பிறகு அதன் கூரான விளிம்புகளை வளைவாக்கினார்கள். காற்றெதிர்ப்பு 54% குறைந்தது. உள்ளே இழந்த இடம் வெறும் 3%தான்!

லாரி பாடி கட்டுவதற்குப் பேர்போன ஊர் நாமக்கல். அங்கே பட்டறையில் முடிவாகும் வடிவம்தான், அந்த வண்டி ஓடும் காலம் முழுக்க டீசல் செலவையும் பாதிக்கப்போகிறது. பெயின்ட்டுக்கும் அலங்காரத்துக்கும் காட்டும் அக்கறையில் கொஞ்சம் முன்பக்க விளிம்புகளை வளைப்பதற்கும், கேபின் மேல் சரிவான தடுப்பு வைப்பதற்கும் காட்டலாமே?

‘நம்ம ரோட்டுல இதெல்லாம் எடுபடாதுங்க’ என்பார்கள். ஊருக்குள் ஊர்ந்து போகும் வண்டிக்கு அது சரி. நான்குவழிச் சாலையில் இரவெல்லாம் ஓடும் வண்டிக்குப் பொருந்தாது. அதேசமயம், கேபின் தடுப்பு பெட்டியின் உயரத்துக்குப் பொருந்த வேண்டும். பின்னால் பெட்டியே இல்லாத காலி டிரெய்லரில் அது எதிர்ப்பைக் கூட்டவே செய்யும்.

தார்ப்பாயைப் படபடக்காமல் இறுக்கிக் கட்டுவதற்குச் செலவே இல்லை. வேகத்தை 80-லிருந்து 60-ஆகக் குறைத்தால் காற்றெதிர்ப்பு 44% குறையும். ஆனால், ‘விடியறதுக்குள்ள லோடு இறங்கணும்’ என்று நெருக்கடி கொடுத்துவிட்டு, டிரைவரிடம் மைலேஜ் கேட்பது நியாயமில்லை. நேரத்தை முடிவு செய்பவர்கள்தான் அந்த டீசலுக்கும் பொறுப்பு.

டீசல் விலை உரிமையாளர்கள் கையில் இல்லை. வண்டியின் வடிவமும் வேகமும் அவர்கள் கையில்தான் இருக்கின்றன.