இந்த விலைக்கு இவ்வளவுதானா?

'முப்பத்தஞ்சு டாலருக்கு வேற என்னய்யா எதிர்பார்க்கிற?' ஆகாஷ் கைக்கணினியைக் குறை சொன்ன வாயையெல்லாம் இப்படித்தான் அடைத்தார்கள். 2011 அக்டோபர் 5 அன்று தில்லியில் அமைச்சர் கபில் சிபல் அதை வெளியிட்டார். மாணவர்களுக்கான, உலகிலேயே மலிவான கருவி என்றார்கள். அரசு கொடுத்த விலை சுமார் 2,276 ரூபாய். ஏழைக்குக் கொடுக்கிற பொருள் என்றால் விலையைச் சொன்னதுமே தரம் பற்றிய பேச்சு முடிந்துவிட வேண்டுமா?

திரையைப் பாருங்கள். 7 அங்குலம், அளவில் குறையில்லை. ஆனால் ரெசிஸ்டிவ் வகை. மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள், கீழே கண்ணாடி, நடுவில் மயிரிழை இடைவெளி. அழுத்தி இரண்டும் ஒட்டினால்தான் எந்திரத்துக்கு உறைக்கும். விலை கூடிய கருவிகளில் இருந்தது கெபாசிடிவ் திரை. விரல் பட்டாலே போதும். ஆக, காசுள்ள வீட்டுப் பிள்ளை தொட்டால் போதும், நம்ம பிள்ளை குத்தணும். தொடுவதற்கே ஆயிரம் கணக்குப் பார்க்கிற நாட்டில் இது எனக்கு வேடிக்கையாகத்தான் பட்டது. 2012 நவம்பரில் வந்த ஆகாஷ்-2இல், ஏறக்குறைய அதே விலைக்கு, கெபாசிடிவ் திரையையே வைத்தார்கள். அப்புறம் என்ன 'இந்த விலைக்கு இவ்வளவுதான்'?

செருகும் துளைகளைப் பற்றி நல்லதாகவே சொல்வேன். முழு அளவு யுஎஸ்பி இரண்டு, மெமரி கார்டு போட ஓரிடம். அன்றைய ஐபேடில் இவை கிடையாது. இணையம் இல்லாத வீட்டுக்கு பென் டிரைவ்தானே நூலகம்! ஆனால் சிம் போட வழியில்லை, வைஃபை மட்டும்தான். 2011இல் எந்தக் காலனியில் வைஃபை இருந்தது? திட்டம் போட்டவர் தன் வீட்டை நினைத்துப் போட்டிருக்கிறார்.

உறுதி விஷயத்தில் ஒரு தகராறே நடந்தது. மழைக்குத் தாங்குமா என்று ராணுவச் சாமான்களுக்கான சோதனையைக் கேட்டது ஐ.ஐ.டி. ராஜஸ்தான். இந்த விலைக்கு அது நியாயமில்லை என்றது டேட்டாவிண்ட் கம்பெனி. 2012இல் பொறுப்பு ஐ.ஐ.டி. பம்பாய்க்கு மாறியது. பேப்பரில் படித்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒழுகுகிற கூரைக்குக் கீழே, அஞ்செட்டி பஸ் நெரிசலில் பிழைக்க வேண்டிய பொருளுக்கு அந்தச் சோதனை அதிகமா?

சோதிக்க ஆளில்லை என்று மட்டும் சொல்ல வேண்டாம். ஐபோனின் உறையே இங்கே ஓசூர் பக்கத்து டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில்தான் தயாராகிறது. வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சிப்காட்டில் வேறொரு கம்பெனியில் தரம் பார்க்கும் தங்கச்சி ஒருத்தி எங்கள் கிளைக்குப் பாஸ்புக் பதிய வந்தாள். கவுன்ட்டரில் கிடந்த டேப்லெட்டின் ஓரத்தில் நகத்தை ஓட்டினாள். "சார், இங்க நகம் போகுது பாருங்க. தூசி உள்ள போயிடும். எங்க லைன்ல இத ரிஜெக்ட் பண்ணிடுவோம்" என்றாள். எனக்கு மூன்று மாதமாகக் கண்ணில் படாத இடுக்கு அது. அவள் தம்பிக்கு இலவசமாக வரப்போகும் கருவிக்கு டெண்டர் எழுதுகிற மேஜையில் அவளுக்கு ஒரு நாற்காலி உண்டா?

மாணவத் தோழர்களே, எந்தக் கருவி கொடுத்தாலும் கொடுத்த இடத்திலேயே வெயிலில் பிடித்துப் படித்துப் பாருங்கள். மூலைகளை அமுக்குங்கள், நெறுநெறுன்னு சத்தம் வருதான்னு கேளுங்கள். சார்ஜர் முனையைச் செருகி லேசாக ஆட்டுங்கள். விட்டுவிட்டு வந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். மனு எழுத ஆள் வேண்டுமென்றால், ஞாயிற்றுக்கிழமை நான் சும்மாதான் இருப்பேன்.