காட்டுப் பூவரசும் அடுப்புச் சாம்பலும்

நீலகிரியிலும் பழனி மலையிலும் 5,000 அடிக்கு மேற்பட்ட சோலை ஓரங்களில் காட்டுப் பூவரசு என்னும் ரோடோடெண்டிரான் மரம் செங்கொத்துகளாய்ப் பூப்பதை மலைநாட்டு நிலக்காரர் யாவரும் அறிவர். அதனை வீட்டுத் தோட்டத்தில் வளர்க்க விரும்புவது நல்லதே. ஆயின் காட்டில் நிற்கும் மரத்தைப் பெயர்த்துக் கொணர்வது உசிதமன்று. மேல்மண்ணில் மயிர்போல் பரவும் அதன் வேர்கள், மண்கட்டியின்றிப் பறித்தால் அறுந்துபோம். ஒதுக்குக் காட்டில் அனுமதியின்றி அவ்வாறு செய்தல் 1882-ஆம் வருஷத்து வனச் சட்டப்படி குற்றமுமாகும்; கிராம அதிகாரிகள் இதனைக் குடிகளுக்கு எடுத்துச் சொல்லுதல் வேண்டும்.

விதையினின்று வளர்த்தலே முறை. தூள் போன்ற விதையை இலைமக்கின் மேல் தூவி, மண்ணிட்டு மூடாது ஈரம் காத்தல் போதும். பூக்கப் பல ஆண்டுகள் செல்லும். பொறுமையில்லாதார் ரோஜா வைத்துக்கொள்ளலாம்.

இச்செடி பெரும்பாலும் கெடுவது உடையவரின் அன்பினாலேயே. உருளைக்கிழங்கு நிலத்திற்குச் சுண்ணாம்பிட்டுப் பழகிய கை, இதற்கும் அதனையே இடுகின்றது. போதாதென்று அடுப்புச் சாம்பலையும் கொட்டுகின்றது. புளிப்பு மண்ணை விரும்பும் செடிக்கு இவை இரண்டும் ஆகா. சுண்ணாம்பு மிகுந்தால் வேர் இரும்புச் சத்தை ஏற்க மாட்டாது. நரம்பு பச்சையாயிருக்க, இலை மட்டும் மஞ்சளாகும். அதனை எருக்குறை என்றெண்ணி மீண்டும் சாம்பலிடுவோர் செடியைத் தம் கையாலேயே கொல்லுகின்றனர். அடியைக் கொத்தாமல், உதிர்ந்த சருகை மூடாக்காகப் பரப்பினால் போதும்.

இதன் தழை கால்நடைக்கு விஷம். ஆகையால் பட்டியின் அருகில் நடுதலும், கழித்த கிளைகளை மேய்ச்சல் வழியில் எறிதலும் கூடா.