கடலில்லா ஊரில் டைவ் வாட்ச்

உத்தனப்பள்ளியில் கடல் இல்லை. டைவ் வாட்ச் மோகம் மட்டும் வந்துவிட்டது. பேரன் பென்ஷன் பணத்தில் கேட்டால் வாங்கிக் கொடுங்கள், வேஷத்துக்குக் கொடுக்காதீர்கள்!

2019-இல் வந்த சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ் பார்வைக்கு முக்குளிப்பவன் கடிகாரம்தான். ஆனால் 100 மீட்டர், சாவிக் குமிழில் மரையும் கிடையாது. சிட்டிசன் புரோமாஸ்டரின் டைவர் வகை 200 மீட்டர், மரைக் குமிழ். வெளிச்சத்தில் ஓடுவதால் பாட்டரிக்காக அடிக்கடி முதுகைத் திறக்க வேண்டாம். என் ஓட்டு அதற்கே. நான் படித்த பிரெஞ்சில் 'எத்தான்ஷ்' என்றால் நீர் புகாது, அவ்வளவுதான்.

டைட்டன் ஆலைக்குப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே! ரப்பர் வளையம் நாளடைவில் கெட்டுப்போகும். மாற்றி, அழுத்தச் சோதனையும் செய்து தருவாரா என்று கடைக்காரரைக் கேளுங்கள். மென்று விழுங்கினால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.